கோயில் வேலையில ஓடி ஓடி செபமே நிண்டுபோச்சு, என்ன செய்யலாம்?

குருநகர்ப்பெட்டை:
சனி பின்னேரம் மறைக்கல்வி, ஞாயிறு கொயர், புதன் செபக்கூட்டம், இப்ப திருவிழா கிட்டுது எண்டு நவநாள் (ஒன்பது நாள் செபம்) ஒழுங்கும் என்ர தலையில, வேலைக்கும் போய்வந்து அம்மாவையும் பாக்கோணும். போன கிழமை செபமாலையோட குந்தினா பத்து அருள்நிறை மரியே செபம் முடியமுன்னமே நித்திரை. கோயிலுக்கெண்டு இவ்வளவு ஓடுறன், ஆனா ஆண்டவரோட கடைசியா எப்ப கதைச்சனான் எண்டே ஞாபகமில்லை. கோயிலுக்கு ஒருநாள் போகாம நிண்டாலும் மனம் குத்துது. இது விசுவாசக் குறைவோ?

பனங்கூடல்:
இல்லைத் தங்கச்சி, அலுப்பு. வேதாகமத்தில கர்மேல் மலையில அவ்வளவு செய்த தீர்க்கதரிசி எலியா அடுத்த அதிகாரத்திலயே சூரைச்செடிக்குக் கீழ சாவு கேட்டுக் கிடக்கிறார். சம்மனசு (வானதூதர்) வந்து பிரசங்கம் வைக்கேல்ல. அப்பமும் தண்ணியும் குடுத்து, திரும்பப் படுக்கவிட்டு, ரெண்டாந்தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னது, பேந்துதான் ஓரேப் மலைக்கு 40 நாள் நடை. முதல்ல நித்திரை கொள்ளுங்கோ.

மார்த்தாக்கா:
ஆரும் வந்து, மரியாள் இயேசுவின்ர காலடியில இருந்து கேக்க மார்த்தா வேலை செய்த கதையைச் சொல்லமுன்னம் நான் சொல்லிப்போடுறன், உந்தப் பிரசங்கம் கேட்டாலே எனக்கு விசர் வரும். பிரசங்கம் முடியத் தேத்தண்ணி ஆர் ஊத்துறதாம்? லூக்கா 10இல மார்த்தாவுக்கு ஏச்சு விழுந்தது சமைச்சதுக்கில்லை, கனக்கத்தைத் தலையில போட்டுக் கலங்கினதுக்கு. தம்பி லாசரின்ர செத்தவீட்டில இயேசுவிட்ட நீர்தான் மெசியா எண்டு சொன்னதும் இவதான், யோவான் 11 பாருங்கோ. பிள்ளை, வேலையைப் பங்கு போடும். கோயில் சாவியும் உம்மட்டயோ?

வலிகாமத்தான்:
யாழ்ப்பாணத்துத் தோலகட்டி ஆச்சிரமத்துக்கு ஒருக்காப் போய் இருந்திட்டு வாங்கோ. 1928இல தோமஸ் சுவாமி துவங்கின செபமாலைத் தாசர் சபை, மௌனமும் செபமும்தான் அவையின்ர சீவியம், ஆனா சும்மா இருக்கிற ஆக்களில்லை, நாங்கள் வாங்கிக் குடிக்கிற நெல்லிரசம் அவையின்ர கைவேலைதானே. புனித பெனடிக்ற் துறவிகளுக்கு எழுதின பழைய ஒழுங்கிலயும் இருக்கு, செபத்துக்கு மணி கேட்டா கையில கிடக்கிறதை அப்பிடியே விட்டுட்டு எழும்போணும். நானும் ஃபோனில அலாரம் வச்சனான், ரெண்டு கிழமை ஓடிச்சுது, பிறகு ஓஃப் பண்ணீட்டன் 😅

கரையூர்த்தம்பி:
மாற்கு 6ஐயும் பாருங்கோ அக்கா. கொஞ்சம் ஆறுவம் எண்டு இயேசுவும் சீடரும் வள்ளத்தில ஏறிப் போனா சனம் முந்திக்கொண்டு வந்து கரையில நிக்குது. அவர் கலைக்கேல்ல, பாவமெண்டு படிப்பிச்சவர். ஆனா 5000 பேர் சாப்பிட்ட கையோட, சீடரையும் சனத்தையும் அனுப்பிப்போட்டுத் தனிய மலைக்குப் போயிட்டார். மிச்ச வேலையை முடிச்சிட்டுப் போவம் எண்டு நிக்கேல்ல.

குருநகர்ப்பெட்டை:
எல்லாருக்கும் நன்றி. மறைக்கல்வியை விடமாட்டன், அந்தச் சின்னனுகளோட நிக்கேக்க களைப்பே தெரியிறேல்ல. நவநாள் ஒழுங்கை வேற ஆரிட்டயும் குடுக்கச்சொல்லி இண்டைக்குச் சுவாமியோட கதைக்கப்போறன். மார்த்தாக்கா, சாவி என்னட்டத்தான், எப்பிடித் தெரியும்??