பிரிட்ஜுக்கு ஒரு வயர்

தம்பி (மாலை 6.40): மாமா, எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை எடுத்து ஆம்ப்புக்கு அனுப்பும் பிக்கப்பைப் புதிதாக மாற்றினேன். ஆம்ப்பில் ஒரே இரைச்சல். தந்தியைத் தொட்டாலும் குறையவில்லை, கேபிள் சொருகும் ஜாக்கின் இரும்பைத் தொட்டால் மட்டும் நிற்கிறது. பிக்கப் போய்விட்டதுங்களா?

மாமா: பிக்கப் நல்லாத்தான் இருக்கும் கண்ணு, தந்தியைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் வயர் விட்டுப் போயிருக்கும். பின்பக்க மூடியைக் கழற்று. ஸ்பிரிங் எல்லாம் மாட்டியிருக்கும் தகட்டில் ஒரு வயர் இருக்கிறதா?

தம்பி: 📷 பக்கத்தில் சும்மா தொங்குதுங்க மாமா.

மாமா: அதேதான். நம்ம மோட்டார் காயில் மாதிரிதான் பிக்கப்பும், எனாமல் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. நீ பக்கத்தில் நிற்கும்போது வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை உன் உடம்பு வாங்கி அதற்குக் கொடுக்கிறது. அந்த வயர் இருந்தால் தகடு, ஸ்பிரிங், பிரிட்ஜ், தந்தி எல்லாம் ஜாக்கின் வெளி இரும்போடு சேர்ந்து ஒரே கிரவுண்ட், தந்தியைத் தொட்டதும் உன் உடம்பும் அதில் சேர்ந்துவிடும், இரைச்சல் அடங்கும்.

தம்பி: வயரைத் தகட்டில் பற்ற வைக்கப் பார்த்தேன், 25 வாட் சால்டரிங் அயர்னில் சால்டர் ஒட்டவே மாட்டேங்குது, உருண்டு விழுகிறது.

மாமா: தகடு கனம், சூட்டை இழுத்துக்கொள்ளும். கேபிளைக் கழற்றிவிட்டு உப்புத்தாளில் ஒரு இடம் பளபளவென்று வரும் வரை தேய். 60 வாட் அயர்ன் கடையில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள். வயரின் மறுமுனை வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் கன்ட்ரோலின் முதுகில் இருக்கிறதா என்றும் பார்.

அம்மா: ஏனுங்ண்ணா, தந்திக்கு வயர் வைத்தால் பையனுக்குக் கரண்ட் அடிக்காதுங்களா? நோம்பிக்கு மேடையில் வேறு வாசிக்கிறானாம்.

மாமா: நல்ல கேள்வி அம்மிணி, இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். தந்தியைப் பிடித்தால் ஆம்ப்பின் பாடியைப் பிடித்த மாதிரி. ஆம்ப்புக்கு எர்த் சரியாக இருந்தால் பயமில்லை. எர்த் இல்லாமல் உள்ளே எங்காவது லீக் ஆனால், தந்தியில் கை வைத்துக்கொண்டு மைக்கில் வாய் வைத்தால் அடிக்கும். அதனால் இரைச்சல் குறையுது என்று எவன் சொன்னாலும் பிளக்கில் எர்த்துக்கான மூன்றாவது பின்னைக் கழற்றாதே தம்பி. மேடையில் ஆம்ப்பும் மைக் மிக்சரும் ஒரே இடத்தில் சொருகியிருக்க வேண்டும். முன்னால் கரண்ட் லீக் ஆனால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறார்களா என்று பந்தல்காரரிடம் நானே கேட்கிறேன்.

தம்பி (இரவு 8.55): வைத்துவிட்டேன் மாமா! தந்தியைத் தொட்டதும் நின்றுவிட்டது. லேசாக ஒரு உறுமல் மட்டும் இருக்கிறது.

மாமா: மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் கத்தும் பஸ்ஸரில் வைத்து ஒரு முனை தந்தியில், ஒரு முனை ஜாக்கின் வெளி இரும்பில் வை. கத்துகிறதா?

தம்பி: ஆறு தந்தியிலும் கத்துதுங்க.

மாமா: அப்போ வேலை முடிந்தது. மிச்ச உறுமல் ஒரே காயில் இருக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பின் குணம், கொஞ்சம் திரும்பி நின்றால் குறையும். அம்மிணி, பின்னால் இருக்கும் எர்த் குழியில் தண்ணீர் விட்டு எத்தனை நாள் ஆச்சு?

அம்மா: வெயில் வந்ததிலிருந்து விடவே இல்லைங்ண்ணா. இப்பவே ரெண்டு குடம் ஊற்றுகிறேன்.