டிஸ்னி வேர்ல்டில் எந்த விடுதி? குடும்பத்தோடு தங்கிவந்தவர்கள் எழுதுங்கள்

கேரி வாசகி

ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் வாணவேடிக்கை முடிந்ததும் வாசலை நோக்கி நகரும் கூட்டம் எப்படியிருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தில்தான் அம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். ஊரிலிருந்து வந்திருந்தார், முழங்கால் தேய்மானம். நாங்கள் தங்கியது கிஸ்ஸிமி பக்கம், பூங்கா எல்லைக்கு வெளியே ஒரு விடுதி. பெயர் வேண்டாம். பூங்காவிற்கு இலவச வண்டி விடுகிறோம் என்று அறிவிப்பில் போட்டிருந்ததை நம்பித்தான் எடுத்தோம்.

வெளிவிடுதி வண்டிகள் மேஜிக் கிங்டம் வாசலுக்கு வருவதில்லை. ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கும் டிக்கெட் நிலையத்தோடு சரி. அங்கிருந்து படகோ மோனோரயிலோ பிடித்துத்தான் பூங்காவிற்குப் போக வேண்டும், திரும்பும்போதும் அப்படியே. வரிசையில் நின்று, படகில் கடந்து, நிறுத்தத்தைத் தேடிப் போனால் அன்றைய கடைசி வண்டி நிற்கிறது. ஓட்டுநர் நாற்காலியைப் பார்த்துவிட்டு, இந்த வண்டியில் அதை ஏற்றும் வசதி இல்லை என்றார். நான் பேச்சை வளர்ப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். "யாரையும் தொந்தரவு செய்யாதே, நான் ஏறிவிடுவேன்." கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு படிக்கு ஒருமுறை நின்று நின்று ஏறினார். கண்ணாடி வளையல்கள் கம்பியில் மோதிக்கொண்டே இருந்தன. உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறை நன்றாகத்தான் இருந்தது. காலைச் சிற்றுண்டி இலவசம். அது எதுவும் மனத்தில் நிற்கவில்லை. வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் எங்கே தங்கினீர்கள், இரவு எப்படித் திரும்பினீர்கள் என்று சொல்லுங்கள்.

---

ஹூஸ்டன் தமிழன்

சகோதரி, படித்ததும் மனம் பதறியது. எங்கள் அப்பாவையும் சக்கர நாற்காலியில்தான் அழைத்துப்போனோம். டிஸ்னி எல்லைக்கு உள்ளேயே, கன்டெம்பரரி என்ற விடுதியில் தங்கினோம். வாணவேடிக்கை முடிந்து நடைபாதையில் பத்து நிமிடம் தள்ளிக்கொண்டு வந்து அறையில் படுக்க வைத்துவிட்டேன். என் கதை அவ்வளவுதான். ஆனால் இனிமேல் போகிறவர்களுக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

டிஸ்னியின் சொந்த விடுதிகள் விலையை வைத்து வேல்யூ, மாடரேட், டீலக்ஸ் என்று பிரிந்திருக்கின்றன. எல்லோரும் அறையின் அழகைப் பார்த்து இவற்றில் ஒன்றை எடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது, எந்தப் பூங்காவிற்கு எந்த வாகனம் என்பதை. 1971-இல் பூங்காவோடு சேர்ந்தே திறந்த கன்டெம்பரரி, பாலினீசியன், பிறகு 1988-இல் வந்த கிராண்ட் ஃபுளோரிடியன், இந்த மூன்றுக்கும் மோனோரயில் உண்டு. கன்டெம்பரரியில் அது கட்டடத்தின் உள்ளேயே வந்து நிற்கும். வைல்டர்னஸ் லாட்ஜிலிருந்து மேஜிக் கிங்டத்திற்குப் படகு. மற்ற உள்விடுதிகளில் பெரும்பாலானவற்றிலிருந்தும் டிஸ்னி பஸ் நேரே மேஜிக் கிங்டம் வாசல் அருகே விடும். டிக்கெட் நிலையத்தில் இறக்கிவிடாது. பஸ்ஸில் சரிவுப்பலகை உண்டு, நாற்காலியோடு ஏற்றிக் கட்டிவிடுவார்கள்.

இன்னும் கேளுங்கள். உள்ளே தங்குகிறவர்களுக்கு எல்லாப் பூங்காவிலும் தினமும் அரை மணி நேரம் முன்னதாக நுழைவு. வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் லைட்னிங் லேன் கட்டணச்சீட்டை அவர்கள் 7 நாள் முன்பே பதிவு செய்யலாம், வெளியே தங்குகிறவர்களுக்கு 3 நாள் முன்புதான். 2023 முதல் விடுதியில் கார் நிறுத்த இரவுக் கட்டணமும் இல்லை. ஒன்று மட்டும் குறைந்துவிட்டது. விமான நிலையத்திலிருந்து விட்டுக்கொண்டிருந்த இலவச பஸ் 2022 தொடக்கத்தோடு நின்றுபோனது, அந்தச் செலவைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். இத்தனையும் இருக்கும்போது வெளியே தங்குவதற்குக் காரணமே கிடையாது.

---

டாம்பா குடும்பஸ்தன்

காரணமே கிடையாது என்று அடித்துச் சொல்லாதீர்கள். நீங்கள் சொல்லும் மோனோரயில் விடுதியில் ஓர் இரவுக்குக் கொடுக்கும் பணத்தில், டேவன்போர்ட் பக்கம் சமையலறையோடு ஒரு முழு வீடே கிடைக்கிறது. என் அப்பாவிற்குச் சர்க்கரை நோய், ஊசி போட்டுக்கொள்கிறவர். மதியம் ஒரு மணிக்குச் சோறு இல்லையென்றால் கை நடுங்கும். பூங்காவில் பீட்சா, பர்கர் வரிசையில் நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். மறுநாளிலிருந்து நேரத்தை மாற்றிக்கொண்டோம். பூங்கா திறக்கும்போதே போய், வெயில் ஏறுவதற்கு முன் வீட்டிற்குத் திரும்பிவிடுவது. கோடையில் ஃபுளோரிடாவில் பிற்பகல் மழை பெரும்பாலும் தவறுவதில்லை. வெளியே இடி இடிக்க, உள்ளே என் மனைவி வைத்த மிளகு ரசத்தைத் தட்டில் ஊற்றி அப்பா உறிஞ்சிக் குடித்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. அந்தப் பயணத்திலேயே எனக்குப் பிடித்த நேரம் அதுதான்.

கேரி வாசகி அவர்களின் தாயாருக்கு நடந்தது கொடுமை. ஆனால் அது வண்டியின் குறை. சொந்தக் காரோ வாடகைக் காரோ இருந்தால் வெளியே தங்குவதில் சங்கடம் இல்லை. வெளிவிடுதி எடுப்பவர்கள், அறை வாடகைக்கு மேல் தினமும் 'ரிசார்ட் கட்டணம்' என்று தனியாக வாங்குகிறார்களா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள்.

---

நியூ ஜெர்சி மருமகள்

கார் இருந்தால் சங்கடம் இல்லை என்பது எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம் ஆகிய மற்ற மூன்று பூங்காக்களுக்குச் சரி. மேஜிக் கிங்டத்திற்குக் காரில் போனாலும் நிறுத்துமிடம் அதே டிக்கெட் நிலையத்தில்தான், அதே படகுதான். இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

நான் எழுத வந்தது வேறு. என் மாமனார் தாராபுரம் பக்கத்து விவசாயி. அமெரிக்கா வந்த நாள் முதல் வீட்டிற்குள் அடைந்துகிடந்தார், எங்கே கூப்பிட்டாலும் "நீங்கள் போய் வாருங்கள்" என்பார். டிஸ்னி என்றதும் அதையே சொன்னார். அனிமல் கிங்டம் லாட்ஜ் என்ற டிஸ்னி விடுதியில், காட்டுவெளி பார்க்கும் அறை எடுத்தோம். அங்கே மாடத்திற்குக் கீழேயே ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, மான் வகைகள் மேயும்.

முதல் நாள் காலையில் எழுந்து பார்த்தால் படுக்கையில் மாமனாரைக் காணவில்லை. மாடத்தில் நின்றுகொண்டிருந்தார். கீழே அங்கோலே மாடு. ஆப்பிரிக்க இனம், செம்பழுப்பு நிறம், ஒவ்வொரு கொம்பும் அடியில் என் தொடை அளவு இருக்கும், மேலே போகப் போக வளைந்து விரிகிறது. "இந்தக் கொம்பை வைத்துக்கொண்டு இது எப்படிப் படுக்கும்? காங்கேயம் காளைக்குக்கூட இவ்வளவு கிடையாதே" என்றார். பிறகு கீழே இறங்கிப்போய் அங்கிருந்த பணியாளரைப் பிடித்துக்கொண்டார். நான் மொழிபெயர்க்க, அவர் கேள்வி மேல் கேள்வி. கொம்பு சீவுவீர்களா? பால் எவ்வளவு? கோடையில் என்ன செய்யும்? அந்தக் கொம்புக்குள் ரத்தக் குழாய்கள் நிறைய ஓடுகின்றன, உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதற்கு அது உதவுகிறது என்று அந்தப் பெண் சொன்னதும் மாமனார் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அன்று பூங்காவிற்கு வரவேயில்லை. நாங்கள் திரும்பி வந்தபோது எந்த விலங்கு எந்த மரத்தடிக்கு எப்போது வரும் என்று எங்களுக்கு வரிசையாகச் சொன்னார். அவ்வளவு பேசி அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பக்கத்துக் கட்டடமான கிடானி வில்லேஜில் சானா என்ற உணவகம் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலில் இந்திய மணம் கலந்தது. ரொட்டி வகைகளும் ஒன்பது தொட்டுக்கொள்ளும் வகைகளும் சேர்ந்து ஒரு தட்டாக வரும். சைவக்காரரான என் மாமியார் ஊறுகாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்.

---

இரட்டைப் பிள்ளைகளின் அம்மா

ஹூஸ்டன் ஐயா, பஸ் இருக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். கைக்குழந்தை உள்ளவர்களிடம் கேளுங்கள். தள்ளுவண்டியை மடித்துத்தான் பஸ்ஸில் ஏற வேண்டும். இரவு, இரண்டு பிள்ளைகளும் அப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார்கள். ஒருத்தியைத் தோளில் போட்டுக்கொண்டேன், மற்றவள் கணவரின் மடியில், மடித்த வண்டி எங்கள் முழங்காலில் இடித்துக்கொண்டு நிற்கிறது. பஸ் திரும்பியபோது பால் புட்டி கீழே விழுந்து, இருக்கைகளுக்கு அடியில் உருண்டு முன்வரிசை வரைக்கும் போய்விட்டது. முன்னால் இருந்த ஒரு பாட்டி காலால் தடுத்து நிறுத்தி, தன் கைக்குட்டையால் துடைத்துக் கொடுத்தனுப்பினார். ஐந்தாறு கை மாறி என்னிடம் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த முறை பாப் செஞ்சுரி எடுத்தோம், ஸ்கைலைனருக்காகவே. 2019-இல் தொடங்கிய கம்பிவடக் கூண்டு அது. பாப் செஞ்சுரி, ஆர்ட் ஆஃப் அனிமேஷன், கரீபியன் பீச், ரிவியேரா ஆகிய விடுதிகளை எப்காட்டோடும் ஹாலிவுட் ஸ்டுடியோஸோடும் இணைக்கிறது. வண்டியை மடிக்காமல் அப்படியே உள்ளே தள்ளிக்கொண்டு போனோம், பிள்ளைகள் விழிக்கவே இல்லை. சக்கர நாற்காலி கொண்டுவருகிறவர்களுக்குப் பல நிலையங்களில் கூண்டை நிறுத்தி ஏற்றும் தனி வழியும் இருக்கிறது. கூண்டில் ஏசி கிடையாது. இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், அப்படித்தான் செய்ய வேண்டும். மேஜிக் கிங்டத்திற்கும் அனிமல் கிங்டத்திற்கும் அது போகாது.

பாப் செஞ்சுரி அறை சிறியது, மறைக்கவில்லை. இரண்டாவது கட்டில் பகலில் சுவரோடு மடங்கிவிடும், அந்த இடத்தில் மேசை இருக்கும். பிள்ளைகள் தவழ்வதற்கு அந்தத் தரை எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

---

கொலம்பஸ் அப்பா

எல்லோரும் டிஸ்னியையே சொல்கிறீர்கள். வளர்ந்த பிள்ளைகள் இருந்தால் ஆர்லாண்டோவிலேயே யுனிவர்சல் பக்கம் பாருங்கள். போர்ட்டோஃபினோ பே, ஹார்டு ராக், ராயல் பசிஃபிக் ஆகிய மூன்று விடுதிகளில் தங்கினால், யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் ஆகிய இரண்டு பூங்காக்களுக்கும் வரிசையில் காத்திருப்பதைக் குறைக்கும் எக்ஸ்பிரஸ் சீட்டு அறையோடு சேர்ந்தே வருகிறது. வந்து சேரும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் உண்டு என்பதால் ஓர் இரவு தங்கினால் இரண்டு நாளும் குறுக்கு வரிசைதான். 2025 மே மாதம் திறந்த புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸுக்கு அது செல்லாது.

என் மகன் பத்தாம் வகுப்பு. வீட்டில் என்னோடு இரண்டு வார்த்தை பேச மாட்டான். அங்கே ஒரு சவாரியிலிருந்து இறங்கி, கூட்டமில்லாத எக்ஸ்பிரஸ் வாயிலைப் பார்த்துவிட்டு, "அப்பா, இன்னொரு முறை" என்று என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். சின்ன வயதில் இழுத்த அதே பிடி. சாதாரண வரிசையாக இருந்தால் அந்த இன்னொரு முறைக்கு நேரமே இருந்திருக்காது. அந்த வாடகையைக் கொடுத்ததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை.

---

ஆறு பேர் குடும்பம்

நியூ ஜெர்சி சகோதரி சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். அனிமல் கிங்டம் லாட்ஜில் வாகன நிறுத்துமிடம் பார்க்கும் அறைகளும் உண்டு, விலை குறைவு. அங்கே தங்கினாலும் பொதுப் பார்வையிடங்களிலிருந்து விலங்குகளைப் பார்க்கலாம். சானாவில் மேசை பதிவு செய்தால் வேறு விடுதியில் தங்கினாலும் போகலாம். ஆனால் அந்த லாட்ஜிலிருந்து பூங்காக்களுக்கு பஸ் மட்டும்தான், மேஜிக் கிங்டம் தூரம்.

எங்கள் வீட்டில் மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். முன்பு ஒரு முறை எல்லோரும் ஒரே குளியலறையோடு தங்கினோம். காலை ஐந்தரைக்கு மாமா பூசைக்குக் குளிக்கப் போவார், பெரியவள் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாள், அத்தை வெளியே நடைக்கூடத்தில் தலை துவட்டுவார். அந்தப் பயணத்தின் படங்களில் அத்தையின் தலைமுடி எல்லாவற்றிலும் ஈரமாகவே இருக்கிறது. யாரும் வாய்திறந்து ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆர்ட் ஆஃப் அனிமேஷனில் குடும்ப அறைத்தொகுதி ஆறு பேருக்கானது, இரண்டு குளியலறைகள், மைக்ரோவேவ், குளிர்பெட்டி. பதிவு செய்யும்போது கவனம் தேவை, அங்கேயே லிட்டில் மெர்மெய்டு பகுதி அறைகள் சாதாரண அறைகள், இரண்டாவது குளியலறையும் மைக்ரோவேவும் அவற்றில் இல்லை. அடுப்பு வேண்டுமென்றால் ஃபோர்ட் வைல்டர்னஸ் கேபின் பாருங்கள், முழுச் சமையலறை உண்டு. டாம்பா அண்ணன் கவலைப்பட்ட மதியச் சோற்றுக்கும் வழி இருக்கிறது. பூங்காவிற்குள் சொந்த உணவு எடுத்துப்போக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரம் கூடாது. அத்தை கட்டிக்கொடுத்த புளிச்சாதத்தை எப்காட்டில் மர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

---

அட்லாண்டா ஆசிரியை

எல்லோரும் விடுதியைப் பேசினீர்கள், டிக்கெட்டின் வயதை ஒருவரும் சொல்லவில்லை. டிஸ்னியில் மூன்று வயது நிரம்பாத பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம், பத்து வயது ஆனால் பெரியவர் கட்டணம். இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, உங்கள் மகள்களின் மூன்றாவது பிறந்தநாளுக்கு முன் இன்னொரு முறை போக முடியுமா என்று பாருங்கள். மிச்சமாகும் இரண்டு டிக்கெட் பணத்தில் ஸ்கைலைனர் இருக்கும் விடுதியிலேயே கூடுதலாகத் தங்கலாம்.