பழைய மார்டெல் பாட்டில் எந்தக் காலத்தது? உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. லண்டனில் ஒரு ஏலத்தில் மார்டெல் த்ரீ ஸ்டார் கொன்யாக் (பிரெஞ்சு பிராந்தி) பாட்டில் ஒன்று வாங்கினேன். இன்னும் திறக்கவில்லை. லேபிளில் ஆண்டு இல்லை. எந்தக் காலத்தது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்ற ஆசை விடவில்லை.

லேபிளில் '70° புரூஃப்' என்று இருக்கிறது. இது மதுவில் எவ்வளவு ஆல்கஹால் என்று சொல்லும் பழைய பிரிட்டிஷ் அளவு, இன்றைய கணக்கில் 40 சதவீதம். பிரிட்டனில் 1980இல் சதவீதத்துக்கு மாறிவிட்டார்கள் என்பதால் அதற்கு முந்தையது என்பது உறுதி. பார்கோடும் இல்லை. மூடி கார்க் இல்லை, கம்பி வில் வைத்த உலோக மூடி. என் கணிப்பு அறுபதுகளுக்குள்.

சரி, இதை இன்னும் குறுக்க முடியுமா? லேபிளில் உள்ள பறவைச் சின்னம், எழுத்துரு, இறக்குமதியாளர் பெயர் இவற்றை வைத்துப் பத்தாண்டைச் சொல்லக்கூடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்களிடம் இதே மூடியுள்ள பாட்டில் இருந்தால் லேபிள் படம் போடுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

அப்புறம் ஒன்று: லேபிளின் இடது ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது. பசை போடலாமா, அப்படியே விடலாமா?