புதுப்பிப்பு: மாடிப்படி டூ-வே சுவிட்ச், ஸ்மார்ட் ஆகிவிட்டது

கோண்டாவில் வீட்டு மாடிப்படி லைட்டைக் கீழே, மேலே இரண்டு சுவிட்சையும் கழற்றாமல் போனிலும் போட முடியுமா என்று முன்னர் கேட்டிருந்தேன். முடியும்.

சுவிட்ச் பெட்டிகளில் ஸ்மார்ட் ரிலேக்குத் தேவையான நியூட்ரல் வயர் இல்லை, அதுதான் தலையிடி. ஆனால் சீலிங் ரோஸில், அதாவது பல்பு வயர் சேரும் கூரை இணைப்புப் பெட்டியில், நிரந்தர லைவ் (எப்போதும் கரண்ட் உள்ள வயர்), நியூட்ரல் இரண்டும் இருந்தன. வயரிங் செய்யும் அண்ணை மெயினை நிறுத்தி, போனாலும் இயக்கக்கூடிய சிறிய வைஃபை சுவிட்சான ஷெல்லி ரிலேயை அங்கேயே வைத்தார். முன்பு பல்புக்குப் போன சுவிட்ச் வயர் இப்போது ரிலேயின் உள்ளீட்டுக்கு. பல்பு ரிலேயின் வெளியீட்டில். இரண்டு சுவிட்சுக்கும் இடையிலான வயர்களைத் தொடவே இல்லை.

ஒருவர் சொனோஃப் மினி என்ற இதே மாதிரியான இன்னொரு ரிலேயை வாங்கச் சொல்லியிருந்தார். அதில் சுவர் சுவிட்சை இணைக்கும் எஸ்1, எஸ்2 முனைகளுக்கு 230 வோல்ட் கொடுக்கக் கூடாது, இங்கே சுவிட்ச் வயரில் வருவதோ அதே 230 வோல்ட், ஆகவே இந்த வயரிங்குக்கு அப்படியே சரிவராது.

ஷெல்லி ஆப்பில் சுவிட்ச் வகையை 'எட்ஜ்' என்று மாற்றுங்கள். அப்போதுதான் எந்தச் சுவிட்சைத் தட்டினாலும் லைட் மாறும். கரண்ட் போய் வந்தால் 'ஆஃப்' என்றும் வையுங்கள், இல்லாவிட்டால் நடுச்சாமத்தில் தானாக எரியலாம். வைஃபை இல்லாவிட்டாலும் சுவர் சுவிட்ச் வேலை செய்கிறது. அம்மாவுக்கு அது போதும். அடுத்தது கேற் லைட்.