செம்பு ஆர்க்கின் வெப்பநிலை 14,000 கெல்வின் என்று வருகிறது, எங்கே தவறு?

ஆய்வு மாணவி: வணக்கம். இரண்டு செம்புக் கம்பிகளுக்கு நடுவே காற்றில் 30 ஆம்பியர் ஆர்க் (மின்வில்) எரிக்கிறேன். அந்தப் பிளாஸ்மாவில் (அயனியான சூடான வாயுவில்) செம்பு ஆவி எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு முதலில் வெப்பநிலை தேவை. 324.7, 327.4, 510.5, 515.3, 521.8 நானோமீட்டர் செம்பு நிறமாலைக் கோடுகளை வைத்து போல்ட்ஸ்மன் வரைபடம் (கோடு கிளம்பும் நிலையின் ஆற்றலுக்கு எதிரே ஒளிச்செறிவின் மடக்கையைப் போட்டு, சரிவிலிருந்து வெப்பநிலை காண்பது) போட்டால் 14,000 கெல்வின் காட்டுகிறது. 7,000, 8,000 என்றுதான் எதிர்பார்த்தேன். புள்ளிகளும் நேர்கோட்டில் உட்காரவில்லை. மூன்று வாரமாக இதிலேயே நிற்கிறேன், தயவுசெய்து உதவுங்கள்.

பழைய ஆர்க்காரர்: 324.7 கோட்டின் ஒளிச்செறிவை 327.4 கோட்டின் ஒளிச்செறிவால் வகுத்தால் என்ன வருகிறது?

ஆய்வு மாணவி: 1.2 சார்.

பழைய ஆர்க்காரர்: அப்படியென்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது அம்மா. அந்த விகிதம் கிட்டத்தட்ட 2 இருக்க வேண்டும். இரண்டும் அணுவின் அடிமட்ட (மிகக் குறைந்த) ஆற்றல் நிலையில் போய் முடிகிற கோடுகள். நடுவிலிருந்து கிளம்பும் ஒளியை வெளிவிளிம்பில் இருக்கும் குளிர்ந்த செம்பு அணுக்களே விழுங்கிவிடுகின்றன. இரண்டு கோடும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் ஜன்னல் கண்ணாடியையோ ஒளியைக் கொண்டுவரும் பைபரையோ குறை சொல்லவும் முடியாது. குறைந்த ஆற்றல் புள்ளிகள் இப்படிக் கீழே இறங்கினால் வரைபடக் கோட்டின் சரிவு தட்டையாகும், வெப்பநிலை பொய்யாக ஏறும்.

இரண்டையும் தூக்கிவிடுங்கள். 510.5-இன் மேல்நிலை (ஒளி கிளம்பும் ஆற்றல் நிலை) 3.82 எலெக்ட்ரான் வோல்ட், 515.3-க்கு 6.19. இந்த இடைவெளி போதும். 521.8-ஐ எடுத்தால் பக்கத்தில் 522.0-லும் ஒரு செம்புக் கோடு ஒட்டியிருக்கும், கவனம். டங்ஸ்டன் விளக்கு வைத்து, அலைநீளத்துக்கு ஏற்ப மாறும் கருவியின் உணர்திறனுக்குத் திருத்தம் செய்தீர்கள்தானே?

ஆய்வு மாணவி: செய்தேன் சார். 515.3-க்கும் 510.5-க்கும் ஒளிச்செறிவு விகிதம் 0.75. கணக்குப் போட்டால் 7,500 கெல்வின்! மிக்க நன்றி. இனி ஆவியின் அளவுக்குப் போகலாமா?

நிறமாலை நண்பர்: கொஞ்சம் பொறுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த அளவு, நடுவையும் விளிம்பையும் சேர்த்துக் கூட்டியது. ஆர்க்கின் குறுக்கே பல இடங்களில் எடுத்து ஏபெல் மாற்றம் (கூட்டிய அளவிலிருந்து ஒவ்வொரு ஆரத்திலும் உள்ள ஒளியைப் பிரித்தெடுக்கும் கணக்கு) செய்யுங்கள். ஆர்க் ஆடினால் இதுவும் கெட்டுப்போகும், அதனால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள்.

ஆவியின் அளவுக்குச் செம்புக் கோட்டை ஆக்சிஜனின் 777 நானோமீட்டர் கோட்டோடு ஒப்பிடுவார்கள். அதன் மேல்நிலை 10.74 எலெக்ட்ரான் வோல்ட், அதனால் வெப்பநிலையில் 5% பிழை விகிதத்தில் 40% ஆகிவிடும். என் விருப்பம் வேறு. செம்பு 7.73 எலெக்ட்ரான் வோல்ட்டிலேயே அயனியாகும், ஆக்சிஜனுக்கு 13.62 வேண்டும். ஆவி ஓரளவு சேர்ந்தாலே இந்த வெப்பநிலையில் எலெக்ட்ரான்களில் பெரும்பங்கு செம்பு கொடுத்ததுதான். 515.3-இன் ஸ்டார்க் அகலத்திலிருந்து (சுற்றியுள்ள மின்துகள்களால் கோடு அகலமாவது) எலெக்ட்ரான் அடர்த்தி, அதிலிருந்து சாஹா சமன்பாட்டில் (எவ்வளவு அணுக்கள் அயனியாகும் என்று சொல்வது) செம்பின் அளவு. அந்த அகலம் நானோமீட்டரில் நூறில் சில பங்குதான். உங்கள் ஸ்பெக்ட்ரோமீட்டர் எவ்வளவு நுணுக்கமாகப் பிரிக்கும்?

ஆய்வு மாணவி: 0.3 நானோமீட்டர். அது போதாது. பக்கத்து ஆய்வகத்தில் ஒரு மீட்டர் நீள மோனோகுரோமேட்டர் (ஒளியை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கும் கருவி) இருக்கிறது, திங்களன்று கேட்டுப் பார்க்கிறேன்.