மேய்ச்சல் சிறுவிடைக் கோழிக்கு ராகி, திப்பி, பட்டுக் கூட்டுப்புழு: அளவு என்ன?

பென்னாகரம்_மேடு:
8 வாரம் தாண்டின சிறுவிடை நாட்டுக்கோழி, கறிக்கு, பகலில் மேய்ச்சல். கம்பெனித் தீவனம் கட்டுபடியாகல. ராகி, கொள்ளு, திப்பி (மரவள்ளியில மாவு எடுத்த சக்கை), கூட்டுப்புழு (பட்டு நூல் எடுத்தப்புறம் மிஞ்சுற புழு), அசோலா (தண்ணியில மிதக்குற சின்னச் செடி) எல்லாம் பக்கத்துலயே கிடைக்குது. 100 கிலோவுக்கு அளவு சொல்லுங்க. புழு போட்டா கறி நாறும்ங்கிறாங்களே?

பாலக்கோடு_தீவனம்:
கிலோ கணக்குல, உடைச்ச மக்காச்சோளம் 35, ராகி 25, அரிசித் தவிடு 15, கடலைப் புண்ணாக்கு 12, புழுத்தூள் 5, காய்ஞ்ச முருங்கை இலை 5, தாது உப்புக் கலவை 2, கிளிஞ்சல் தூள் 700 கிராம், உப்பு 300 கிராம். புரதம் 15 சதவீதம் வரும், மேயுற கோழிக்குப் போதும். சின்னக் குஞ்சுக்கு 20 வேணும், இதைப் போடாதீங்க.

உப்பையும் தாது உப்பையும் முதல்ல 2 கிலோ தவிட்டுல கலந்துட்டு அப்புறம் மொத்தத்துல சேருங்க. நேரா கொட்டினா ஒரே இடத்துல தங்கி, அதைத் தின்ன கோழி தண்ணியா கழியும். ராகியை உடைச்சுத்தான் போடணும்.

அசோலாவை நம்பித் தீவனத்தைக் குறைக்காதீங்க. ஒரு கிலோ பச்சை அசோலாவுல 940 கிராம் தண்ணி, புரதம் 15 கிராம்கூட தேறாது. கீரை மாதிரி மேல தூவுங்க, அவ்வளவுதான்.

அரூர்க்காரன்:
திப்பியில் புரதம் 2 சதவீதம்தான். மக்காச்சோளத்துல 5 கிலோ குறைச்சு, திப்பி 4, புண்ணாக்கு 1 சேர்த்தா புரதக் கணக்கு சரியாயிடும். சேகோ (ஜவ்வரிசி) ஆலையில திப்பியை ஈரமா தருவாங்க. கையில் நொறுங்குற வரைக்கும் காயாம மூட்டை கட்டினா பூசணம்தான். கொள்ளு பச்சையா வேண்டாம், புரதம் செரிக்கவிடாது. வறுத்து உடைச்சு, ராகியில் 5 கிலோவுக்குப் பதிலா போடலாம். புண்ணாக்குல பூசண வாடை அடிச்சா காயவச்சும் பிரயோஜனமில்லை, அந்தப் பூசண நஞ்சு வெயிலுக்குப் போகாது, ஈரலைத்தான் தாக்கும்.

கிருஷ்ணகிரி_பட்டு:
நாத்தத்துக்குக் காரணம் புழுவோட எண்ணெய்ங்க. காய்ஞ்ச புழுவுல கால்வாசிக்கு மேல கொழுப்பு, சீக்கிரம் சிக்கு வாடை வந்துடும். பட்டு நூல் எடுக்கிற ஆலையில அன்னன்னைக்கு வர்றதை வாங்கி, மெல்லிசா பரப்பி, சலசலன்னு காயவையுங்க. எண்ணெய் பிழிஞ்ச தூள் கிடைச்சா இன்னும் நல்லது. 5 கிலோவுக்கு மேல ஏத்தாதீங்க, விற்பனைக்கு 2 வாரம் முன்னாடியே நிறுத்திடுங்க.

பென்னாகரம்_மேடு:
நிறுத்தினா அந்த 5 கிலோவுக்கு என்னங்க போடறது?

கிருஷ்ணகிரி_பட்டு:
சோயாப் புண்ணாக்கு 5. வேற எதையும் மாத்த வேண்டாம்.