வீட்டாக்கள் குழு: டிரைவ் போட்டா கார் இழுக்கச் சுணங்குது

அக்கா (7.12): அண்ணா, எங்கட ஓட்டோ கியர் கொரோலா (121 மொடல்) காலமையில டிரைவ் போட்டா உடன இழுக்குதில்லை. மூண்டு செக்கன் போல நிண்டிட்டு டக்கெண்டு பிடிக்குது. கியர்பொக்ஸைக் கழட்ட வேணுமாம் எண்டு கராஜில சொல்லுறாங்கள். விடவோ?

அண்ணா (7.15): இப்ப கழட்ட விடாதை. ரிவர்ஸும் சுணங்குதோ, டிரைவ் மட்டுமோ?

அக்கா (7.16): ரெண்டும்தான். பத்து நிமிசம் ஓடினாப் பிறகு கொஞ்சம் குறையுது.

அண்ணா (7.20): அப்ப நல்லது. டிரைவுக்குப் பிடிக்கிற கிளச் வேற, ரிவர்ஸுக்குப் பிடிக்கிறது வேற. ரெண்டும் ஒண்டா தேயுறது குறைவு. ரெண்டுக்கும் பொதுவா இருக்கிறது ஒயில், அதை உறிஞ்சிற பில்டர், பம்ப். முதல்ல ஒயில் மட்டம் பாக்க வேணும். ரிவர்ஸ் மட்டும் சுணங்கினா எனக்கும் கிளச்சிலதான் சந்தேகம் வந்திருக்கும்.

மாமா (7.24): பிள்ளை, வண்டி ஆறியிருக்கேக்கதான் சுணக்கம் கூடவெண்டா இன்னொண்டும் யோசிக்கலாம். கிளச் பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல் வயசுக்கு இறுகிப்போகும். ஆறியிருக்கேக்க ஒயில் அதால கசியும், சூடேற ரப்பர் இளகி அடைச்சுப் பிடிக்கும். இரவு முழுக்க நிண்டா, இஞ்சின் சுத்துறதை ஒயிலால கியர்பொக்ஸுக்குக் கடத்துற டோர்க் கொன்வேர்ட்டருக்குள்ள இருக்கிற ஒயிலும் கீழ இறங்கலாம். அது திரும்ப நிரம்பும் மட்டும் கார் அசையாது.

அத்தான் (7.26): ஒயில் மட்டம் பாக்கிற குச்சியை (டிப்ஸ்டிக்) இப்ப இழுத்துப் பாக்கவோ மச்சான்?

அண்ணா (7.31): இப்ப வேண்டாம், பிழையான மட்டம்தான் காட்டும். வெள்ளவத்தையில இருந்து கோட்டை போய்த் திரும்பி வா, ஒயில் 70, 80 பாகைக்கு வரும். பேஸ்மன்ட் சரிவில விடாமல் சமதரையில நிப்பாட்டு. ஹேண்ட் பிரேக் போட்டு, பிரேக்கை மிதிச்சபடி பார்க்கில இருந்து எல் மட்டும் ஒவ்வொண்டா மாத்தித் திரும்பப் பார்க்குக்கு வா. இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்க வேணும். குச்சியை இழுத்து, பஞ்சு விடாத துணியால துடைச்சு, அடிமட்டும் குத்தி எடு. ஹொட் எண்டு போட்டிருக்கிற ரெண்டு வெட்டுக்கு நடுவில நிக்க வேணும். ரெண்டு பக்கமும் வேற வேற மட்டம் காட்டினா குறைஞ்சதை எடு.

மாமா (7.33): ஹொண்டா வைச்சிருக்கிற ஆக்கள் இதைப் பாத்து அப்பிடியே செய்யாதேங்கோ. அதுக்கு இஞ்சினை நிப்பாட்டி ஒண்டு, ஒண்டரை நிமிசத்துக்குள்ள பாக்க வேணும்.

அண்ணா (7.36): சுணக்கத்தையும் அளந்து வா மச்சான். பிரேக்கை இறுக்கி மிதிச்சு நியூட்ரலில இருந்து டிரைவ் போட்டு, லேசா ஒரு உதறல் வரும் மட்டும் போனில எண்ணு. டொயோட்டாக் கணக்கு 1.2 செக்கனுக்குள்ள. ரிவர்ஸுக்கு 1.5. ஒவ்வொண்டுக்கும் ஒரு நிமிச இடைவெளி விட்டு மூண்டு தரம் எடுத்துச் சராசரி பார். இது சரிவரும் வரைக்கும், சுணங்கேக்க ஒருத்தரும் அக்சிலேட்டரை மிதிக்கப்படாது. ரேஸ் ஏறிக்கொண்டு இருக்கேக்க கிளச் பிடிச்சா, அந்த ஒரு அடியிலேயே கிளச் தட்டு கருகலாம்.

அத்தான் (9.48): பாத்தன். டிரைவ் 1.9, ரிவர்ஸ் 2.3. ஒயில் ஹொட் கீழ் வெட்டுக்கும் கீழ நிக்குது. வெள்ளை டிசுவில ஒரு சொட்டு விட்டன். நடு மண்ணிறம், ஓரத்தில சிவப்பு வட்டமா பரவியிருக்கு. கருகின மணம் இல்லை.

அண்ணா (9.53): கருகின மணம் இல்லாதது பெரிய ஆறுதல். ஒயில் பழசு, குறைவு, அவ்வளவுதான் இப்ப தெரியுது. எங்கயோ வெளியில போகுது. முன் இடது சில்லு அக்சில் கியர்பொக்ஸுக்குள்ள போற இடத்தையும், கியர்பொக்ஸுக்கு அடியில இருக்கிற ஒயில் பான் தட்டைச் சுத்தியும் டோர்ச் அடிச்சுப் பார்.

அத்தான் (10.10): அக்சில் வாயடியில ஈரம். தூசி சேர்ந்து பசை மாதிரி ஒட்டியிருக்கு.

அண்ணா (10.12): அக்சில் சீல்தான். கியர்பொக்ஸைக் கழட்டாமல் அக்சிலை மட்டும் இழுத்து மாத்தலாம். ரேடியேட்டர் மூடியையும், வண்டி ஆறின பிறகு திறந்து பார்த்திடு. கியர்பொக்ஸ் ஒயிலைக் குளிராக்கிற குழாய் ரேடியேட்டருக்குள்ளதான் போகுது. அது உள்ள ஓட்டையானா ஒயில் றோஸ் பால் மாதிரி வெளுக்கும். அப்பிடிக் கண்டா ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது.

அன்ரி (10.20): எந்த ஒயில் வாங்கிறது? எங்கட அக்ஸியோவுக்கும் அதையே ஊத்தலாமோ?

மாமா (10.24): கூடாது! 121க்கு டைப் டி-ஃபோர். அக்ஸியோ 141 சிவிடி எண்டா சிவிடி ஃப்ளூயிட் டிசி. அதுக்குள்ள இரும்புப் பட்டி ஒண்டு ரெண்டு கப்பிக்கு நடுவில இறுகி ஓடுது. பிழையான ஒயில் ஊத்தினா பட்டி வழுக்கிக் கப்பியைக் கீறும், பிறகு முழுசா மாத்துறதுதான். பஞ்சிகாவத்தைப் பாட்ஸ் கடையளில போத்தலில அளந்து தாறதை வாங்காதேங்கோ, சீல் உடையாத 4 லீற்றர் டின் எடுங்கோ.

அக்கா (10.27): மெஷின் வைச்சு முழுசா ஃப்ளஷ் பண்ணித் தாறாங்களாம்.

அண்ணா (10.33): வேண்டாம். இவ்வளவு பழசான ஒயிலுக்கு அழுத்தமா அடிச்சா, அடியில படிஞ்சு கிடக்கிற அழுக்கு கிளம்பி, ஒயில் போற வழியளைத் திறந்து மூடுற வால்வ் பொடியில போய் அடைக்கலாம். அக்சில் சீலை மாத்து. ஒயில் பான் தட்டை இறக்கிப் பில்டர், கஸ்கட் புதுசு போடு. தட்டுக்குள்ள இருக்கிற காந்தத்தில மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தாப் பயப்பிடாதை, செதில் செதிலா இரும்பு கண்டா எனக்குப் படம் அனுப்பு. கீழால 3 லீற்றர் அளவுதான் வடியும், பாதிக்கு மேல உள்ளதான் நிக்கும். வடிஞ்ச அளவை ஊத்து. ரெண்டு கிழமையால திரும்ப வடிச்சு ஊத்து, பிறகு இன்னொருக்கா. கடைசியில மட்டம் சரிப்படுத்தேக்க 200 மில்லிலீற்றருக்கு மேல ஒரேயடியா விடாதை. கூடினாலும் நுரைச்சு, இதே மாதிரித்தான் சுணங்கும்.

அத்தான் (10.36): மூண்டு தரமும் மாத்தின பிறகும் சுணங்கினா?

அண்ணா (10.41): ஸ்கானர் போட்டு, காரின்ர கம்பியூட்டரில பதிஞ்சிருக்கிற பிழைக் கோட் பாக்க வேணும். பி 0750, பி 0755 வந்தா கியர் மாத்துற மின் வால்வ் (ஷிஃப்ட் சொலினோய்ட்), பி 0715 வந்தா வேகம் பாக்கிற சென்சர். கோட் ஒண்டும் இல்லாமல் ஆறினபடி மட்டும் சுணங்கினா மாமா சொன்ன கிளச் பிஸ்டன் சீலிலதான் சந்தேகம். அப்பதான் கழட்டுற கதை. இப்ப அக்சில் சீல் மாத்த முதல் அந்த அக்சில் வாயை ஒரு படம் எடுத்துப் போடு மச்சான்.